என் மாத்திரையைப் போட்டது யார்?

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால், எனக்கென்ன கேடு என்பாய். போனில் பேசலாம்தான். ஆனால் நீ பேச்சை மாற்றிப் போனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவாய். மகளும் பேத்தியும் நன்றாக இருக்கட்டும். குழந்தைக்கு என் மூக்கு என்று மகள் சொல்வதை நான் நம்பவில்லை. போட்டோவில் நன்றாகவே தெரிகிறது, மாப்பிள்ளையின் மூக்குதான்.

நீ சொன்னபடி பாதித் தட்டு காய், கொஞ்சம் பருப்பு, ஒரு கைப்பிடிச் சோறு. கீரையைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது. சாப்பிட்டதும் மாத்திரை, சாயங்காலம் நடை. டீக்கடைக்காரர் நான் வாயைத் திறக்குமுன் சர்க்கரையில்லாத டீயை நீட்டுகிறார். பேக்கரிக்காரரோ, உங்களுக்குக் கொடுத்தா அம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க சார் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். தெருவுக்கே சொல்லிவைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாகக் காலம் தள்ளியவன் நான். டிக்கெட் எடுக்காதவன் தூங்குகிற மாதிரி நடித்தாலும் அவன் இமையைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஏமாந்திருக்கிறேன்.

என் மாத்திரை எப்போதும் மாதம் முடியுமுன்பே தீர்ந்துவிடும். மருந்துக்கடைக்காரர் குறைத்துக் கொடுக்கிறார் என்று நீதான் அவரைக் கரித்துக்கொட்டுவாய். நீ போன பிறகு பார்த்தால், மாதம் முடிந்தும் அட்டையில் மாத்திரை மிச்சம் இருக்கிறது. விடுவேனா? நேராகக் கடைக்குப் போய், இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, நான் எதுக்கு சார் குறைக்கணும், வீட்டம்மாதான் நடுவுல வந்து தனியா ஒரு அட்டை வாங்கிட்டுப் போவாங்க, ஊருக்குக் கிளம்புறப்பகூட உங்க பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மொத்தமா வாங்கினாங்களே, உங்களுக்குத்தானே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ராத்திரியில் நீ அடிக்கடி எழுந்து போவாய். நான் பிரிட்ஜைத் திறக்கிறேனா என்று காவல் காக்கிறாய் என நினைத்து, உன்மேல் எரிச்சல்பட்டுக்கொண்டு படுத்திருப்பேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு வெயில் என்பாய். ரவிக்கை தொளதொளத்துப் போனதற்குத் தையல்காரர்மேல் பழி போட்டாய். எனக்குத் துணைக்கு என்று சொல்லி என் பத்தியத்தையே நீயும் சாப்பிட்டாய். செருப்பு கடித்தது என்று விரலில் கட்டு போட்டாயே, ரயில் ஏறும்போதும் அந்தக் கட்டோடுதான் போனாய். எந்தச் செருப்பு இத்தனை மாதம் கடிக்கும்?

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கு, ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்பா என்று சிரித்தாய். அதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

உன் பெயரைச் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்காமல் இன்னொருவர் மாத்திரையைப் போடவே கூடாதாம். எவ்வளவு வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறுமாம். ஆறாத புண் இருந்தால் இன்றைக்கே காட்டணும், விட்டால் விரலோடு நிற்காது என்றார். யாருக்கு என்று அவர் கேட்டதும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உனக்குத் தபாலில் வந்தால் மடித்து வைத்துவிடுவாய், வந்து சேரவும் நாளாகும். அதனால்தான் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லி, கடிதத்தைப் போட்டோ எடுத்து அவர் போனுக்கே அனுப்புகிறேன். நாளைக்கே நானும் ரயில் ஏறுகிறேன். டாக்டர் முன்னால் கட்டை அவிழ்த்துக் காட்டு. எத்தனை நாளாக என்பதை மறைக்காதே. என்னைத் திட்டவேண்டுமானால் நான் வந்த பிறகு ஆற அமரத் திட்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. என் சந்தேகம் தப்பாகப் போகவேண்டும் என்று வாழ்க்கையிலேயே முதல்முறையாக வேண்டிக்கொள்கிறேன். தலையைத் தூக்கிப் பார், மாப்பிள்ளை எதிரேதான் நிற்கிறார். மறுபேச்சு பேசாமல் அவரோடு கிளம்பு, என் தாயே.

உன்னை விட்டால் வேறு கதியில்லாத,
உன் வீட்டுக்காரன்