புல்லுக்கு அடித்த மருந்து

பெவர்லி அப்பாவுக்கு,

சிங்கப்பூருல வேலை எப்படி? வேளைக்குச் சாப்பிடுங்க.

சர்ச் பின்னால நம்ம பெவர்லியும் கூட்டாளிங்களும் போட்டிருக்கிற காய்கறித் தோட்டத்துல புல்லு மண்டிக் கிடந்துச்சு. பிள்ளைங்க கையால பிடுங்குறதைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. போன வாரம் ஆள் இல்லாதப்ப நானே புல்லு மருந்து வாங்கி அடிச்சிட்டேன். எஸ்டேட்டுல எட்டு வருஷம் அடிச்ச கைதானே.

அங்க மருந்தே கூடாதாம். பெவர்லி திட்டல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இது விஷம்மா. நான் வயித்துல இருந்தப்பவும் அடிச்சீங்களா?"ன்னு கேட்டா.

"இல்ல, அப்ப வேலையை விட்டுட்டேன்"னேன்.

அவளுக்கு முன்னால, நான் மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தப்ப தங்காமப் போன ரெண்டு பிள்ளைங்களைப் பத்தி அவளுக்குத் தெரியாது. அப்ப என் உடம்புதான் சரியில்லன்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். இப்ப எனக்கு ஒண்ணும் புரியல. எதை வச்சு அப்படிச் சொன்னீங்க?

உங்க வீட்டுக்காரி