வாயால் கேட்கச் சொன்ன மன்னிப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு நலம், மனசும் நலம் என்று எழுதினால் அது பொய். நீ கல்லூரி வாசலில் வெயிலில் உட்கார்ந்து கறுத்திருப்பாய், தெம்பு மட்டும் குறைந்திருக்காது, தெரியும். அம்மாவுக்குப் பல்வலி, டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறாள், கன்னம் வீங்கியும் பேச்சு குறையவில்லை. உன் தம்பி வாலு, வாசல் மணி அடித்தால் எரியட்டும் என்று உன் அறையில் நான் மாட்டிய விளக்கைக் கழற்றித் தன் மேஜையில் வைத்துக்கொண்டான். அக்கா வருவதற்குள் அது பழைய இடத்துக்குப் போகாவிட்டால் தோலை உரிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் முதல்வர் போன் செய்தார். நான் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் கிரீஸ். ஹலோ சொல்வதற்குள் பொரிந்து தள்ளினார். உங்க பொண்ணுதான் எல்லாரையும் தூண்டிவிட்டு கேட்டை மறிக்கிறா, சைகை மொழி தெரிஞ்ச வாத்தியார் வந்தாத்தான் வகுப்புக்கு வருவாங்களாம், என்னை மரியாதையில்லாம பேசிட்டா என்றார். என்ன சார் பேசினா என்று கேட்டேன். இழுத்தார். அது வந்து, கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னா, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே என்றார். பக்கத்தில் யாருக்காவது புரிந்ததா என்றால், விடுதி வார்டனும் கணக்கு வாத்தியாரும் நின்றார்களாம், அவர்களுக்கும் சைகை தெரியாதாம். காது கேளாத பிள்ளைகளுக்கென்றே நடத்துகிற கல்லூரி, அந்தப் பிள்ளைகள் வைகிறார்களா வாழ்த்துகிறார்களா என்று சொல்ல அங்கே ஒரு ஆள் கிடையாது. நீங்கள் கேட்பது நியாயம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அது அவருக்கு உறைக்கவே இல்லை. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க என்று வேறு முனகினார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அந்தப் பழமொழியைக் கையால ஒருதரம் சொல்லுங்க சார், அவளுக்கும் புரியட்டும் என்று கத்தினேன். சத்தம் லிஃப்ட் குழி முழுக்க எதிரொலித்து, மேல்மாடியிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப்பார்த்து யாராவது மாட்டிக்கிட்டாங்களா என்று கேட்டாள். ஆமாம்மா, ஒருத்தர் நல்லா மாட்டிக்கிட்டார் என்றேன்.

அவர் போட்ட நிபந்தனையைக் கேள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நீ மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வாயால் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம், இல்லையென்றால் கல்லூரியை விட்டு நீக்கிவிடுவாராம். நான் பக்கத்தில் நின்று உன்னைச் சொல்லவைக்க வேண்டுமாம். சின்ன வயதில் உன் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டு பா பா என்று சொல்லவைத்தாளே ஒரு டீச்சர், நீ சாப்பிடும்போதும் கையை எடுக்கப் பயந்தாயே, அது நினைவுக்கு வந்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறவன்மேல் எந்த மெக்கானிக்கும் பழி போடமாட்டான், கோளாறு எங்கே என்றுதான் பார்ப்பான். இந்த மனுஷருக்கு அந்த அறிவுகூட இல்லை.

அம்மா முதலில் அழுதாள். கடைசி வருஷம், ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடச் சொல்லுங்க, படிப்பு போயிடும் என்றாள். அவள் பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு என்று நான் சொன்னதும் அழுகை நின்றது. எழுந்துபோய் என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே திங்கட்கிழமை வருகிறேன். மன்னிப்புக் கேட்கவைக்க அல்ல. அவர் அறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கையாலேயே பேசப்போகிறேன், வாயைத் திறக்கமாட்டேன். கையுறை போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று என் சைகையைக் கிண்டல் செய்வாயே, அன்றைக்கு ஒரு நாள் அவர் முன்னால் திருத்தாதே. அவருக்குப் புரியாது. மொழிபெயர்க்கச் சைகை தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்கட்டும். நீங்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டதும் அதைத்தானே.

வெயிலில் தொப்பி போடு, தண்ணீர் குடி, கூட இருக்கிற பிள்ளைகளையும் சாப்பிடச் சொல். எந்தக் குறையும் வராமல் நீ நன்றாக இருக்கவேண்டும். நான் வந்து சேரும்வரை யார் மிரட்டினாலும் கையை மட்டும் கட்டாதே.

கிரீஸ் போகாத கையோடு,
உன் அப்பா