இரண்டாம் குரல்

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் இன்று காலை தபாலில் வந்தது. உன் படத்தைப் பார்க்கும் முன்பே நன்றிப் பக்கத்தைத்தான் புரட்டினேன். குருவானவர், வைத்தியர், சோறு சமைத்துக் கொடுத்த ஈஸ்ற்ஹாம் கடைக்காரர் எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லை. செத்த பிறகும் நீ மாறவில்லை என்று நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாலை, உன்னோடு வேலை செய்த வெள்ளைக்காரன் கொடுத்த கச்சேரி ரிக்கற்றுகளோடு லண்டனில் கம்டன் பக்கம் போனோம். மேடையில் ஓர் அமெரிக்கக் கிழவர், கையில் கிற்றார். எல்லாம் அவரே எழுதிய பாட்டுகள்: புழுதி ரோடு, மூடிப்போன சுரங்கம், வீடு திரும்பாத அண்ணன். ஓரடி பின்னால் நின்று ஒரு பெண், அவர் மெட்டோடு இசைந்துபோகும் வேறொரு மெட்டில், இரண்டாம் குரல் பாடினாள். அவர் மூச்சுத் தேய்ந்த இடங்களிலெல்லாம் அவள் குரல் வந்து தாங்கியது.

"கிழவனை விழாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், பார் மச்சான்," என்றாய்.

கடைசிப் பாட்டுக்கு முன் அவர் அவளைக் கையைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்து, அவள் பெயரை இரண்டு தரம் சொன்னார். முதலில் எழும்பிக் கைதட்டியவன் நீ.

அந்த வருடம் டிசம்பரில் நத்தார்ப் பூசை. ஃபாரஸ்ட் கேட் கோயிலில் நாலு வருடமாக உன் பாட்டுக்கு நான்தான் இரண்டாம் குரல். உனக்குத் தடிமன் பிடித்த நாட்களில் உன் குரல் உடைவது வெளியே தெரியாமல் காத்தவனும் நான். பூசை முடிய நீ ஓர்கன் வாசித்தவர், தபேலாக்காரர், மைக் கட்டியவர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னாய். என்னைச் சொல்லவில்லை.

வாசலில் கேட்டேன். சிரித்தாய்.

"விசரா, வீட்டு ஆளுக்கு ஆரும் நன்றி சொல்லுவினமே?"

"அந்த மனுசன் சொன்னாரே."

"அவங்கள் வெள்ளைக்காரர், சொல்லுவாங்கள். நீ எனக்கு அப்பிடிப் பிறத்தியாளே?"

"ஓம், அப்பிடித்தான். இனி நான் பாட வரமாட்டன்."

நீ சாகும்வரை, ஏழு வருடம், வரவில்லை. குட்மேய்ஸில் உன் வீட்டைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். நீ நோயில் கிடந்தபோது உன் மனைவி போன் எடுத்தாள். "அண்ணை, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ. உங்களைத்தான் கேக்கிறார்." "வாறன்," என்றேன். போகவில்லை. அடக்கப் பூசையில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். எல்லோரும் பாடினார்கள், நான் வாய் திறக்கவில்லை.

மலரைக் குப்பையில் போட எடுத்தபோதுதான் பின்னட்டையைப் பார்த்தேன். துயருறும் குடும்பத்தினர்: மனைவி, பிள்ளைகள், உன் ஒரே அக்கா. அவர் பெயருக்குக் கீழே, சகோதரன் என்று, என் பெயர்.

உன் மனைவிக்குப் போன் எடுத்தேன். "ஆஸ்பத்திரியில இருக்கேக்க அவர்தான் எழுதித் தந்தவர், அண்ணை," என்றாள்.

ஒரு தரமாவது மைக்கில் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. நான் வந்திருக்கலாம் என்பதும் போகவில்லை.

குசினி அடுப்படியில் நின்று, அந்த நத்தார்ப் பூசையில் நாம் கடைசியாகச் சேர்ந்து பாடிய பாட்டைப் பாடிப் பார்த்தேன். உன் மெட்டு எனக்கு வரவில்லை. என் தொண்டையில் இருப்பது இரண்டாம் குரல் மட்டும். பக்கத்தில் யாராவது நின்றிருந்தால், அது எந்தப் பாட்டு என்று அவர்களுக்குத் தெரிந்திராது.