எஸ்.பி. என்கிற போல்டர்

2002 ஜூன் 3, திங்கள்

தென்மேற்குக் கச்சான் காற்று. ஹாலிஎலயிலிருந்து பதுளை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. தேயிலைக் கம்பெனி ஒபிஸில் கம்ப்யூட்டர்களைப் பார்ப்பது நான். சேர்வரில் பெக்கப், இரவு நகலெடுப்பு, பாதியில் நின்றிருக்கிறது. பொது டிரைவில் 'எஸ்.பி.' என்று ஒரு போல்டர், அதில் வந்து முட்டிக்கொண்டு. திறக்க முடியவில்லை. அழிக்கப் போனால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது. கண்முன்னால் இருக்கிறது!

நான் எஸ். புஷ்பம். என் எழுத்துகள். யார் வைத்தது? மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா, இல்லையா என்று முடிவு. இல்லையென்றால் அம்மாவோடு கொழுந்து பறிக்கத்தான். நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 4

செய்து பார்த்தவை: உரிமையை என் பெயருக்கு மாற்றியது, எல்லோரையும் வெளியேறச் சொன்னது, சேர்வரை நிறுத்திப் போட்டது. ம்ஹூம்.

தேநீர் நேரம் காசாளர் ரேணுகா யாரிடமோ: "அவ பேர்ல அவளே பூட்டி வச்சிருக்கா. உள்ள என்ன இருக்கோ!" என்னைக் கண்டதும் வடையைப் பற்றிப் பேச்சு. இவள் வேலைதான். தங்கைக்கு என் இடத்தைக் கேட்டவள். நேற்று என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு?

மனேஜர் சிவஞானம் சேர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை, உம்மட பேர்தானே போட்டுக் கிடக்கு?"

"நான் வைக்கலைங்க சேர்."

"அப்ப அழிச்சு விடுமன்."

"அழிய மாட்டேங்குதுங்க."

கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை. கழிவறையில் போய் அழுதேன்.

ஜூன் 8, சனி

பண்டாரவளை. குளிர். லீக்ஸ், கரட், இன்டர்நெட் கடை. யாரோ புண்ணியவான் எழுதியிருக்கிறான்: பெயரின் கடைசியில் புள்ளி இருந்தால் விண்டோஸ் அதை விழுங்கிவிட்டு, புள்ளி இல்லாத பெயரைத் தேடுமாம். இல்லாததைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

விண்டோஸில் அப்படிப் பெயர் வைக்கவும் முடியாது. அப்படியானால் வேறு ரகக் கம்ப்யூட்டர். தேயிலை லேபல் வரையும் நிமலின் அப்பிள் மெக்! அது மே மாதக் கடைசி வெள்ளியன்றே கொழும்புக்குத் திரும்பிவிட்டது.

ஜூன் 10

நிமலைக் கேட்டேன். "அது சில்வர் பெக்கட் தானே, நங்கி." நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. வெள்ளிப் பொட்டலத் தேயிலையின் லேபல், அவ்வளவுதான். ரேணுகா இல்லை. (நாற்காலியில் உட்கார்ந்தது எதற்கு, அது இன்னும் தெரியவில்லை.)

சேரை அழைத்து அவர் முன்னாலேயே செய்தேன். கறுப்புத் திரையில் அழிக்கும் கட்டளை. பாதைக்கு முன்னால் இரண்டு சாய்கோடு, கேள்விக்குறி, இன்னொரு சாய்கோடு. புள்ளியோடு முழுப் பெயர். அப்படிப் போட்டால் விண்டோஸ் புள்ளியை விழுங்காது. போய்விட்டது. போல்டரை வைத்தது தான்தான் என்று நிமலும் வந்து சொன்னான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன்.

"உமக்காகச் சொல்லுறான். ஒருத்தருக்கும் ஏலாதது உமக்கு மட்டும் எப்பிடி ஏலும்?"

"படிச்சேங்க சேர்."

"அழிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வைக்கவும் தெரியும்தானே."

சேர்வர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஜூன் 12

காற்று விடவில்லை. பெக்கப் மறுபடி நின்றுவிட்டது. 'எஸ்.பி.' இருந்த இடத்தைத் தாண்டிப் போய் 'எஸ்.எஸ்.' என்ற போல்டரில். சேரின் எழுத்துகள். மகளின் கல்யாணப் படங்களை சிவஞானம் சேரே நிமலின் மெக்கிலிருந்து அதில் போட்டாராம், அது கொழும்புக்குப் போகுமுன். அவரே பத்துத் தடவை அழித்துப் பார்த்தாராம். ரேணுகா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம்.

"பிள்ளை, ஒருக்கா வந்து பாருமன். அண்டைக்கு என்னவோ செய்தனீரே?"

சாவியை நீட்டினார். வாங்கவில்லை. திரையை நன்றாகக் குனிந்து பார்த்தேன். பெயரின் கடைசியில் அதே புள்ளி. நெஞ்சு குளிர்ந்தது.

"தெரியலைங்க சேர்."