பின் படிக்கட்டுக்கு வந்த கிராண்டு

ஜூலை 8, செவ்வாய்

காலையில் மழை. துணி காயலை. இடது முட்டி வலி.

எழுதப் படிக்கத் தெரியாதவன் டைரி வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா டீக்கடை மைதீன் சிரிப்பான். மக செல்விதான் சொல்லிக் கொடுத்தா. போன்ல மைக் படத்தை அமுக்கிப் பேசினா அதுவே எழுதிக்குது, தேதியும் அதுவே. திறந்து படிக்க மாட்டேன்னு மக சத்தியம் பண்ணியிருக்கா.

பெரிய சேதி. கிராண்டு வருது!

மைதீன் கடையில தே தாரேக், நல்லா இழுத்து ஆத்தின டீ, குடிச்சிக்கிட்டிருந்தேன். சார்ஜன் மாலதி வந்தா, போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கிற நம்ம தமிழ்ப் பொண்ணு. "அங்கிள், உங்க ஃப்ளாட்டுக்கு கிராண்டு வர்ற மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை டேவான் மண்டபத்துல மீட்டிங். கோலாலம்பூர்லேர்ந்து ஆபிசர் வர்றாரு. ஆளுங்க நெறைய வரணும்லா, இல்லன்னா வேற ஃப்ளாட்டுக்குப் போயிடும்." அவ்வளவுதான். ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல போயிட்டா.

வீட்டு கிராண்டு! வீடு நம்ம பேருலன்னு சொல்ற பத்திரம். இங்க குடி வந்த நாள்லேர்ந்து எல்லாரும் கேட்டு அலைஞ்சது. வந்த நாள்கூட ஞாபகம், வெள்ளிக்கிழமை, அடுப்பு வாங்க மறந்து பக்கத்து வீட்ல சோறு.

கையில கிராண்டு இருந்தா செல்வி வீட்டை விட்டுப் போக மாட்டா. அதான் எனக்கு வேணும்.

ஜூலை 9, புதன்

வெயில். அஞ்சரைக்கு செல்வி வேலைக்குக் கிளம்பினா. பிறைங்கிற ஊர்ல ஃபேக்டரி. பஸ் ஃப்ளாட்டுக்குப் பின்னால நிக்கும், பின் படிக்கட்டுலதான் இறங்கணும். அஞ்சாவது மாடியிலேர்ந்து கீழ வரைக்கும் அறுபத்தி நாலு படி, மாடிக்குப் பதினாறு (தரையே இங்க முதல் மாடி). வாசல்ல நின்னு அவ சப்பாத்துச் சத்தத்தை எண்ணுவேன். நாலாவது மாடி வரைக்கும் நடப்பா. மூணாவது மாடி வந்ததும் ஓடுவா. அங்கதான் அவனுங்க நிப்பானுங்க, சாபுங்கிற போதைத் தூள் விக்கிறவனுங்க. லைட்டை உடைச்சு உடைச்சு வெச்சிடுறானுங்க. போன மாசம் ஒருத்தன் பையைப் பிடிச்சு இழுத்திருக்கான். செல்வி அதை எங்கிட்ட ரெண்டு நாள் சொல்லலை.

சுங்கை பாக்காப்ல வீடு பார்த்து வெச்சிருக்கா. அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். "நீங்களும் வந்துடுங்கப்பா." அவ அம்மா கடைசியா இருந்த வீடு இது. இருட்டுல கை நீட்டினா சாவி ஆணி எங்கன்னு தெரியும் எனக்கு.

இன்னிக்கு வேலை: வீடு வீடாப் போய்ச் சொல்றது. எங்க ஃப்ளாட்ல நாலு பிளாக். முட்டி வலியே தெரியலை!

ஜூலை 11, வெள்ளி

தொண்டை கட்டிடுச்சு. எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சு. அடையாளக் கார்டு நகல், வீடு வாங்கின தாளு, ரெண்டும் எடுத்துட்டு வரச் சொன்னேன் (மாலதி சொல்லலை, நானா யோசிச்சது).

மைதீன், "அண்ணே, நெஜமாவா?"

"சார்ஜன் வாயால சொன்னது."

"வீட்டு கிராண்டுக்கு போலீஸ் எதுக்குண்ணே?"

"கூட்டம் வரும்ல, வரிசையா நிக்க வைக்க."

அப்படித்தான் சொன்னேன். சட்டுனு வாயில வந்த பதில்!

ஜூலை 13, ஞாயிறு

டேவான் நிறைஞ்சு போச்சு. நாற்காலி பத்தலை. சக்கர நாற்காலியில கூட ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. எல்லார் கையிலயும் பிளாஸ்டிக் பையில தாளு. மாலதிக்கு வாய் மூடலை. "அங்கிள், போன தடவை மீட்டிங்குக்கு ஆறு பேருதான் வந்தாங்க! என்ன மந்திரம் போட்டீங்க?"

ஆபிசர் கண்ணாடி போட்ட மலாய்க்காரர். கூட்டத்தைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு. பெரிய திரையில படம் போட்டாங்க. பார்த்தா, கைவிலங்கு. அப்புறம் தூள் பொட்டலம்.

கையில இருந்த பையை நாற்காலிக்குக் கீழ தள்ளினேன்.

கிராண்டுன்னா வீட்டு கிராண்டு இல்லையாம். போதைப்பொருள் கடத்தலை ஒழிக்க நம்ம ஸ்டேஷனுக்கு அரசாங்கம் கொடுக்கிற பணமாம். லைட்டு, கேமரா, ரோந்துக்கு மோட்டார். ரெண்டு ஃப்ளாட் போட்டி. எந்த ஃப்ளாட்டு ஜனங்க ஒத்துழைக்கிறாங்களோ அங்கதான் போகுமாம்.

கசகசன்னு சத்தம். "எங்க கிராண்டு? இதுக்கா கடையை மூடிட்டு வந்தேன்?" "எல்லாம் அந்தக் கிழவன் வேலை!" ஒரு அக்கா தாளாலயே என் தோள்ல அடிச்சிட்டுப் போனாங்க. பாதி பேர் எழுந்துட்டாங்க. ஆபிசர் ஃபைலை மூடுறாரு. எனக்குத் தலை நிமிரலை.

அப்ப செல்வி எழுந்தா. கூட்டத்துல பேசுற பொண்ணே இல்லை அவ.

"எங்கப்பா சொன்னது தப்புதான். ஆனா பின் படிக்கட்டு பயம் பொய் இல்ல. அங்க யாரெல்லாம் ஓடி இறங்குறீங்க? நான் ஓடுறேன்."

தோள்ல அடிச்ச அக்காதான் முதல்ல கை தூக்கினாங்க. "எம்மக டியூஷனுக்கே போறதில்ல." அப்புறம் மைதீன். அப்புறம் ஒரு சீனப் பாட்டி. கை தூக்குறது நிக்கலை. ஆபிசர் ஃபைலைத் திறந்து எழுதினாரு, எழுதிக்கிட்டே இருந்தாரு. தாளெல்லாம் கீழ வெச்சுட்டு எல்லாரும் அவரு நீட்டின தாளுல கையெழுத்து. நான் கட்டைவிரல்.

வரும்போது மைதீன், "என்ன, கிராண்டண்ணே, வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" இனிமே அதான் என் பேரு.

ஜூலை 15, செவ்வாய்

மேகம். மாலதி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டா, யாருக்கும் தெரியாம. மூணாவது மாடிக்கு வர்றவனுங்களோட மோட்டார் நம்பர் யாருக்காவது தெரியுமான்னு.

தெரியுமாவா! நாற்பது வருஷம் லோரியில கெலிண்டான், சாமான் ஏத்தி இறக்குறவன். நம்பர் படிப்பேன், எழுத்துதான் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தைப் படமாத்தான் மனசுல வெச்சுக்குவேன். கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிச்சேன்: கம்பத்துல கொடி, பாம்பு, கூடாரம், அப்புறம் நாலு நம்பர். செவ்வாயும் சனியும் வருவான். இன்னொருத்தன் கொடி, ஏணி, கொக்கி.

"அங்கிள், இது மோட்டார் நம்பரா, பாலர் பள்ளிப் படமா?" சிரிச்சிக்கிட்டே தாள்ல வரைஞ்சு வரைஞ்சு காட்டினா. "பாம்புன்னா இந்த எஸ்ஸா?" அதேதான்! அஞ்சு சொன்னேன். கம்ப்யூட்டர்ல நாலு கிடைச்சுது, ஒண்ணு கிடைக்கலை.

"கொக்கி இந்தப் பக்கம் வளையுதா, அந்தப் பக்கமா?"

யோசிச்சேன். கீழ போயி இடது கைப் பக்கம். தட்டினா. கிடைச்சிருச்சு! மேசையில ஒரு அடி அடிச்சிட்டேன், பேனா உருண்டு விழுந்துச்சு.

என் பேரு வெளிய வராதுன்னு சொன்னா. செல்விக்கும் சொல்லலை.

ஆகஸ்ட் 6, புதன்

நமக்கே கிராண்டு! மாலதி போன் பண்ணினா. மைதீன் எல்லாருக்கும் தே இனாம், எனக்கு மட்டும் சீனி தூக்கலா.

செல்வி, "லைட்டு முதல்ல எரியட்டும்பா." சுங்கை பாக்காப் பேச்சை விடலை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூணாவது மாடியில கூண்டு போட்ட லைட்டு, கேமரா ரெண்டு. போன வாரம் மூணு பேரைப் பிடிச்சிட்டாங்களாம். கொடி-பாம்பு-கூடாரமும் அதுல ஒருத்தன். மாலதி கண்ணை மட்டும் சிமிட்டினா.

செல்வி இன்னும் ஓடித்தான் இறங்குறா. பழக்கம்னு சொல்றா. பதில் சொல்ற நாளு நெருங்குது. நான் கேக்கலை. தண்ணீர்மலை முருகன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை.

ஆகஸ்ட் 28, வியாழன்

தூறல். நாளைக்கு அவ பதில் சொல்லணும். அஞ்சரை. வாசல்ல நின்னேன், எண்ணினேன். பதினாறு, முப்பது, முப்பத்திரண்டு. மூணாவது மாடி. ஓடற சத்தம் வரலை. எந்தச் சத்தமும் வரலை. நின்னுட்டா.

படிக்கட்டுக் கம்பியைப் பிடிச்சு எட்டிப் பார்த்தேன். லைட்டுக்குக் கீழ குனிஞ்சு சப்பாத்துக் கயிறு கட்டிக்கிட்டிருக்கா. நிதானமா, ரெண்டு காலுக்கும்.

நிமிர்ந்து பார்த்தா. "என்னப்பா முழிக்கிறீங்க? அந்த வீடு வேணாம்னு சொல்லிடுறேன், போய்ப் படுங்க."