'எல்லாம் சரி' என்றது திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓசூரில் நான் நலம். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி?

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்தார்கள். யாராவது உள்ளே கை விட்டால் மெஷினை நிறுத்தும் சென்சாரின் மேலேயும் ஒரு பொட்டு. ஒரு சென்சார் கெட்டால் அதை ஒதுக்கிவிட்டு, தன்னையே மாற்றிக்கொண்டு ஓடும்படி மென்பொருளை வடிவமைத்தவள் நான்தான். பொட்டு மறைத்த சென்சாரைக் கெட்டுவிட்டதாக எண்ணி அது அப்படியே செய்தது. திரையில் 'எல்லாம் சரி' என்றே இருந்தது. மறுநாள் மெஷினில் வேலை செய்யும் மங்கம்மா அக்கா உள்ளே கை விட்டபோது மெஷின் நிற்கவில்லை. பக்கத்திலிருந்தவர் சுவிட்சை அணைத்துவிட்டார். வளையல்தான் உடைந்தது. "ஒண்ணும் ஆவல கண்ணு, அழுவாத" என்று அக்கா எனக்கு ஆறுதல் சொன்னார்.

குளிர் தொடங்கிவிட்டது, என் ஸ்வெட்டரை அனுப்புங்கள். அம்மா போனில் எப்போதும் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாளா என்று நீங்கள் பார்த்து எழுதுங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

மேகலா