வௌவால் பல், திருக்கை முள்

மே 6

லிக்குப்பாங் சந்தையில் நல்ல கூட்டம். நோல்டி தான் பிடித்த மூன்று நீலப்புள்ளித் திருக்கைகளை நான் கறிக்கு விற்கும் வௌவால்களுக்குப் பக்கத்திலேயே பரப்பிவிட்டான்.

“பாரு மெய்ட்டி, உன் சரக்கும் என் சரக்கும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு!”

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக இதே கேலி. ஆனால் உண்மைதான். இரண்டுக்கும் இறக்கை, இரண்டும் குட்டி போடும். இன்று திருக்கையின் வயிற்றைக் கீறினால் உள்ளே இரண்டு குட்டிகள், இறக்கையைச் சுருட்டிக்கொண்டு. போன வாரம் பழந்தின்னி வௌவாலின் வயிற்றில் ஒன்று, அதேபோல. வௌவாலுக்கு நாய் முகம், அதுதான் வித்தியாசம்.

அடுத்த வௌவாலை எடுத்தேன். கட்டைவிரலைக் கவ்விவிட்டது. செத்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

மே 7

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஓல்ட்யே கத்தினாள். “பழம் திங்கிற சாதுன்னு நெனச்சியா? வெறிநோய் வந்துட்டா மருந்தே கிடையாது, தெரியுமா?”

இரண்டு தோளிலும் ஊசி. 14, 28 தேதிகளில் மறுபடி போக வேண்டும்.

மே 9

நோல்டி கரையோரத் தண்ணீரில் திருக்கையை மிதித்துவிட்டான். கணுக்காலில் வால்முள் குத்திய ஓட்டை. வெந்நீரில் வைத்ததும் வலி அடங்கியது.

“மீன் முள்ளுதான்டி. நீ உன் விரலைக் காட்டு.”

மே 12

எனக்குக் காய்ச்சல் இல்லை. குடித்தால் தண்ணீர் தொண்டையில் இறங்குகிறது. விடிந்ததும் இதைத்தான் பார்க்கிறேன். கண்ணை மூடினால் அந்த வௌவாலின் முகம்.

நோல்டியின் கால் வீங்கியிருக்கிறது. ரெண்டு நாளில் வடிந்துவிடுமாம்.

மே 13

கஞ்சியை அவன் தொடவேயில்லை.

மே 14

அடுத்த ஊசி. “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றாள் ஓல்ட்யே. சௌக்கியம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? காலையில் அவன் கட்டுத்துணியை மாற்றியது நான்தானே. அந்த நாற்றம் — கறிக்கடைக்காரி எனக்குத் தெரியாத நாற்றமா அது?

மே 16

உடம்பு தூக்கிப் போடுகிறது அவனுக்கு. என்னை யாரென்று தெரியவில்லை. மனாடோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் காலுக்குள் முறிந்து கிடந்த முள்ளை எடுத்துக் காட்டினார். அரிசி நீளம். ஓரமெல்லாம் ரம்பப் பல்.

“இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

என் விரலைப் பாத்துட்டிருந்தேன் ஐயா — சொல்ல முடியுமா இதை?

மே 19

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது.

மே 28

கடைசி ஊசி. “தப்பிச்சிட்ட, போ,” என்று சிரித்தாள் ஓல்ட்யே.

வீட்டில் அதைச் சொல்லவில்லை. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோல்டி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். “ஊசி வலிச்சுதா?” என்று மட்டும் கேட்டான்.

சாயங்காலம் அவன் படகை விலைக்குப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். துறைக்கு நான்தான் கூட்டிப்போய்க் காட்டினேன்.